ரோத்தன்பர்க்: ரெண்டு மணி நேரத்துல பாத்ததும், ரெண்டு நாள் நடந்து பாத்ததும்

ஜெர்மனியில சுத்தி மதில் கட்டின பழைய ஊரு ரோத்தன்பர்க், அதுக்கு நான் ரெண்டு தடவ போயிட்டு வந்திருக்கேன். முதல் தடவைக்கு அஞ்சுக்கு ரெண்டு தான் போடுவேன், ரெண்டாவது தடவைக்கு அஞ்சுக்கு அஞ்சு. ஊரு அதே ஊரு, மதிலும் அதே மதிலு, முதல் தடவ டூர் பஸ்ல போய் இறங்கி ரெண்டு மணி நேரத்துல திரும்ப ஏறிட்டோம், ரெண்டாவது தடவ ரயில்ல போய் மதிலுக்கு உள்ளயே ரூம் எடுத்து ரெண்டு ராத்திரி தங்கி காலால நடந்து பாத்தோம், அவ்ளோ தான் வித்தியாசம். இப்ப நம்ம குன்னூர், கோத்தகிரி பக்கத்துல இருந்து பிள்ளைங்களப் பாக்க ஜெர்மனி போற அப்பா அம்மாங்க நிறைய ஆயிட்டாங்க. போன வாரம் குன்னூர் மார்க்கெட்ல காய் வாங்கும்போது தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க "நாங்களும் மே மாசம் போறோம், அந்தக் கோட்டை ஊருக்கு டூர்லயே போயிரலாமா"ன்னு கேட்டாங்க. வேணாம்க்கான்னு அங்கயே நின்னு அரை மணி நேரம் சொன்னேன், அதத் தான் இங்க எழுதறேன்.

முதல் தடவ நடந்தத சொல்லிடறேன். பையன் நூரம்பெர்க்ல வேலை பாக்கறான், அப்ப அவனுக்கு லீவு கிடைக்கல, எங்க ரெண்டு பேருக்கும் ஒரு டூர் கம்பெனில ஒரு நாள் பேக்கேஜ் போட்டுக் கொடுத்தான். மதிலுக்கு வெளிய பார்க்கிங்ல இறக்கி விட்டாங்க, குடைய தூக்கிப் பிடிச்சிக்கிட்டு ஒரு கைடு முன்னாடி போனாரு, மார்க்கெட் சதுக்கத்துல கடிகாரம் பாத்தோம், ப்ளோன்லைன்னு சொல்ற அந்த மஞ்ச வீட்டு முக்குல வரிசைல நின்னு போட்டோ எடுத்தோம், ஒரு கடைக்குள்ள முக்கால் மணி நேரம் விட்டாங்க, பஸ் கிளம்பிருச்சு. மதில் மேல ஏறலாமான்னு நான் கேட்டேன், டைம் இல்லைன்னுட்டாரு. எட்டிப் பாத்தா தெரியற தூரத்துல படி இருக்கு, ஏறல. அன்னிக்கு பஸ்ல வரும்போது என் வீட்டுக்காரரு ஒரு வார்த்த சொன்னாரு, "ஏம்மா, ஊட்டிக்கு ஒன்டே டூர் வர்றவங்க இப்டித்தான போவாங்க". எனக்கு அது மனசுல அப்டியே நின்னு போச்சு. காலைல மேட்டுப்பாளையத்துல இருந்து ஏறி வந்து பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், சாக்லேட் கடைன்னு முடிச்சிட்டு சாயங்காலம் இறங்கிடறவங்கள பொறந்ததுல இருந்து பாத்துட்டு வர்றோம். அவங்க பாத்த ஊட்டி வேற, நாம இருக்குற ஊட்டி வேற. காலைல ஆறு மணிக்கு பால் வண்டி போற சத்தமும், மூடுபனிக்குள்ள இருந்து கொழுந்து எடுக்கப் போறவங்க பேசிட்டு வர்ற குரலும் அவங்களுக்குத் தெரியாது. அப்டின்னா இந்த ஊருக்கும் பஸ் வர்றதுக்கு முன்னாடி ஒரு காலை இருக்கணும், பஸ் போனப்புறம் ஒரு ராத்திரி இருக்கணும்ல, அதப் பாக்கணும்னு முடிவு பண்ணிட்டேன்.

அடுத்த தடவ போனது அக்டோபர் முதல் வாரம். பையன், மருமக, நாங்க ரெண்டு பேரு. நூரம்பெர்க்ல இருந்து ஆன்ஸ்பாக், அங்க இருந்து ஸ்டைனாக், ஸ்டைனாக்ல ஒரு சின்ன ரயில் மாறணும், அதுல கால் மணி நேரம் தான். பவேரியா மாநிலம் முழுக்க ஒரு நாள் சுத்தற பயர்ன் டிக்கெட்ல அஞ்சு பேர் வரைக்கும் ஒண்ணா போகலாம், ஆனா வார நாள்ல காலைல 9 மணிக்கு மேல தான் செல்லும், இத மறந்துட்டு 8 மணி ரயில்ல ஏறிட்டா ஃபைன் கட்டணும். இன்னொண்ணு, கிட்டத்தட்ட இதே பேர்ல ஜெர்மனில வேற வேற ஊரு இருக்கு, ரோட்டன்புர்க், ரொட்டன்புர்க்னு. டிக்கெட் போடும்போது 'ஓப் டெர் டௌபர்'னு இருக்கான்னு பாத்துக்கோங்க, டௌபர் ஆத்துக்கு மேல இருக்குற ஊருன்னு அர்த்தம்.

ஸ்டேஷன்ல இருந்து ஊருக்குள்ள போக ஆட்டோ டாக்ஸி எதுவும் தேவையில்ல, பத்து பதினஞ்சு நிமிஷ நடை. போற வழி சாதாரண தெரு தான், வீடு, சூப்பர் மார்க்கெட், பஸ் ஸ்டாப். திடீர்னு ஒரு திருப்பத்துல ரோடர் வாசல் வந்து நிக்குது பாருங்க, அப்ப தான் மூச்சு நிக்கும். ஒரே வாசல் இல்ல அது. முதல்ல சுங்கம் வாங்குறதுக்கும் காவலுக்குமா ரெண்டு குட்டி வீடு, கூர் கூரையோட, அப்புறம் அகழி மேல பாலம், அப்புறம் முன்மதில், அதுக்கப்புறம் தான் பெரிய கோபுரம். பஸ்ல வந்தப்ப இந்த வாசலையே நாங்க பாக்கல. ஒரு ஊருக்குள்ள வர்றதுன்னா இப்டி ஒவ்வொரு கதவா தாண்டி வரணும்னு அன்னிக்குத் தான் தெரிஞ்சது. இங்க ஒரு விஷயம், உள்ள எல்லாமே கல்லு பதிச்ச தெரு, சக்கரம் வச்ச பெட்டிய இழுத்துட்டுப் போனா கடகடகடன்னு தெருவே திரும்பிப் பாக்கும், சக்கரமும் போயிடும். தோள்ல மாட்டற பை எடுத்துட்டுப் போங்க.

ரூம் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல. மதிலுக்கு உள்ள பழைய வீட்ட கெஸ்ட் ஹவுஸ் ஆக்கியிருக்காங்க, சுத்தமா இருந்துச்சு, காலை சாப்பாடு ரொட்டி, சீஸ், ஜாம், அவிச்ச முட்டைன்னு தாராளமா வச்சாங்க. ஆனா மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, மரப்படி ஏணி மாதிரி செங்குத்தா இருக்கு. இந்த ஊர்ல பழைய வீடு எல்லாத்துலயும் இதே கத தான், புக் பண்ணும்போதே எத்தனாவது மாடின்னு கேட்டுடுங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், மதில் மேல நடை. இதுக்கு டிக்கெட் கிடையாது, கவுன்டர் கிடையாது, ரோடர் வாசல் பக்கத்துலயே கல்படி இருக்கு, ஏற வேண்டியது தான். காலைல ஏழு மணிக்கு ஏறிட்டோம், அப்ப தான் வெளுத்துட்டு இருந்துச்சு, குளிரு நம்ம ஊர் டிசம்பர் மாதிரி, ஆனா காத்து இல்ல. மதிலோட உள்பக்கத்துல ஒரு நடைபாதை, மேல மரச்சட்டம் போட்டு ஓட்டுக்கூரை, மழை பெஞ்சாலும் நனையாம போகலாம். ஒரு கைப்பக்கம் கல்சுவரு, அதுல அம்பு விடறதுக்கும் துப்பாக்கி வைக்கிறதுக்கும் துளை துளையா விட்டிருக்காங்க, குனிஞ்சு பாத்தா வெளிய அகழி தெரியும். இன்னொரு கைப்பக்கம் திறந்து கிடக்கும், கம்பித் தடுப்பு தான். அந்தப் பக்கம் பாத்தா ஊரோட கொல்லைப்புறம் முழுக்கத் தெரியுது. எனக்கு ரொம்பப் பிடிச்சது இது தான். தெருவுல நின்னு பாத்தா எல்லா வீடும் ஜன்னல்ல பூ வச்சிக்கிட்டு அலங்காரமா நிக்குது, மதில் மேல இருந்து பாத்தா அடுக்கி வச்ச விறகு, முட்டைக்கோஸ் பாத்தி, கொடில காயுற துணி, குழந்தைங்க சைக்கிள், பூனை. ஒரு வயசான அம்மா கதவத் திறந்து வந்து செடிக்குத் தண்ணி ஊத்திட்டு எங்களப் பாத்து கை தூக்கினாங்க. இந்த ஊர்ல சுமாரா பதினோராயிரம் பேரு இருக்காங்க, அதுல மதிலுக்கு உள்ளயே குடியிருக்கறவங்களும் இருக்காங்க, இது செட்டு போட்ட ஊரு இல்லன்னு அந்த ஒரு கை ஆட்டல்ல புரிஞ்சது.

மேல நடக்கக் கூடிய தூரம் மொத்தம் ரெண்டரை கிலோமீட்டர் இருக்கும். நடுநடுவுல இறங்கி ஏற படி இருக்கறதால முடியாதவங்க பாதில இறங்கிக்கலாம். பாதை குறுகல், எதிர்ல ஆள் வந்தா ஒருத்தர் ஒதுங்கி நிக்கணும், சில இடத்துல உத்திரம் தாழ்வா இருக்கு, பையன் ஆறடி, ரெண்டு தடவ தலைய இடிச்சிக்கிட்டான். சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ கண்டிப்பா போகாது. முட்டி வலி இருக்கறவங்க வேணா கீழ மதில ஒட்டியே தெருவுல நடந்து வரலாம், என் வீட்டுக்காரரு பாதி தூரம் அப்டித்தான் வந்தாரு, நான் மேல, அவரு கீழ, பேசிக்கிட்டே.

கொஞ்ச தூரம் போனதும் சுவத்துல சின்னச் சின்ன கல்பலகை பதிச்சிருக்கறது தெரிய ஆரம்பிக்கும். ஒவ்வொண்ணுலயும் ஒரு பேரு, ஒரு ஊரு, பக்கத்துல 1 மீட்டர், 2 மீட்டர்னு ஒரு கணக்கு. ஜப்பான் பேரு அவ்ளோ இருக்கு, அமெரிக்கா, டென்மார்க், சில கம்பெனி பேரு கூட. முதல்ல எனக்கு ஒண்ணும் புரியல, நம்ம கோயில்ல டியூப் லைட்டுல உபயம்னு எழுதற மாதிரியோன்னு நெனச்சேன். உண்மையிலேயே அது தான். 1945 மார்ச் 31ம் தேதி அமெரிக்க விமானங்க வந்து குண்டு போட்டதுல ஊரோட கிழக்குப் பக்கம் எரிஞ்சு போச்சு, 600 மீட்டருக்கு மேல மதிலும், ஒன்பது கோபுரமும், நூத்துக்கணக்குல வீடும் போச்சு, ஆளும் செத்தாங்க. சண்டை முடிஞ்சப்புறம் திரும்பக் கட்ட காசு இல்ல, அப்ப உலகத்துல இருக்கறவங்கள எல்லாம் கேட்டு, இத்தனை மீட்டருக்கு நீங்க பணம் குடுங்க, உங்க பேரப் பதிக்கிறோம்னு வாங்கிக் கட்டினது தான் இந்தப் பக்கம் முழுக்க. நான் கைய வச்சிக்கிட்டே நடந்தேன், பழைய கல்லு முடிஞ்சு புதுக் கல்லு ஆரம்பிக்கிற இடம் சில இடத்துல நல்லா தெரியும். நீலகிரிக்காரங்களுக்கு இடிஞ்சு விழுந்தத திரும்பக் கட்றது புதுசு இல்ல. 2009 நவம்பர் மழைய மறக்க முடியுமா, ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகைக்கும் தடுப்புச்சுவரு எங்கயாவது சரியும், கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவுல ரயில் பாதை மூடும், திரும்ப கல்லு அடுக்குவாங்க, திரும்ப ரயில் ஓடும். அதனாலயோ என்னமோ அந்தப் புதுக் கல்லுங்க மேல எனக்கு பழசவிட பாசம் வந்துருச்சு.

மீதி ஊர் எப்டி தப்பிச்சதுன்னா, அமெரிக்க ராணுவம் பக்கத்துல வந்து நிக்கும்போது பீரங்கி அடிக்க வேணாம்னு சொன்னவரு ஜான் மெக்லாய், அப்ப அமெரிக்க போர்த் துறையில உதவிச் செயலாளர். அவரோட அம்மா இந்த ஊருக்கு வந்துட்டுப் போனவங்க, ஊரோட படம் ஒண்ணு அவங்க வீட்டுல மாட்டியிருந்துச்சாம், சின்ன வயசுல இருந்து அதப் பாத்து வளந்தவரு. வெள்ளைக் கொடியோட ஆறு சிப்பாய்ங்கள உள்ள அனுப்பி மூணு மணி நேரம் அவகாசம் குடுத்தாங்க, கடைசி வரைக்கும் சண்டை போடணும்னு ஹிட்லர் போட்ட உத்தரவ மீறி ஊருல இருந்த ஜெர்மன் அதிகாரி விட்டுக் கொடுத்துட்டாரு. ரோடர் கோபுரத்துக்குள்ளயே இந்த குண்டுவீச்சு பத்தி போட்டோ வச்சிருக்காங்க, திறந்திருந்தா கண்டிப்பா ஏறுங்க, அந்த போட்டோவப் பாத்துட்டு ஜன்னல் வழியா அதே தெருவ இப்ப பாக்கும்போது பேச்சு வரல.

ஒரு காலத்துல பணக்கார ஊரு இது, 1274ல இருந்து ராஜாவுக்கு நேரடியா கட்டுப்பட்ட சுதந்திர நகரம். 17ம் நூற்றாண்டுல ஐரோப்பால நடந்த முப்பதாண்டுப் போர்ல பட்டாளம் வந்து வந்து சுரண்டி எடுத்துட்டுப் போக, பஞ்சமும் கொள்ளை நோயும் சேர, ஊரு ஏழையாப் போச்சு. மத்த ஊர்ல எல்லாம் பின்னாடி பழைய மதில இடிச்சிட்டு அகலமா ரோடு போட்டாங்க, இங்க இடிக்கறதுக்கும் காசு இல்ல, புதுசா கட்டறதுக்கும் காசு இல்ல, அப்டியே நின்னுருச்சு. அப்புறம் ஓவியம் வரையறவங்க கண்ணுல பட்டு தான் வெளிய தெரிஞ்சிருக்கு.

வடக்கு முக்குல கிளிங்கன் வாசல்னு ஒண்ணு, அதுகிட்ட கொஞ்ச நேரம் நில்லுங்க. அந்தக் கோபுரத்துக்குள்ள தண்ணித் தொட்டி இருந்திருக்கு, கீழ இருந்து தண்ணிய ஏத்தி அங்க இருந்து ஊர்ல இருக்குற குழாயடிக்கு எல்லாம் விட்டிருக்காங்க. மேட்டுல கட்டின ஊருக்கு எதிரியவிட பெரிய பயம் தண்ணி தான், இது குன்னூர்க்காரங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல, ரேலியா அணை வத்தினா நம்ம கோடை எப்டி இருக்கும்னு நமக்குத் தெரியும். அந்த வாசல ஒட்டியே மதிலோட மதிலா ஒரு சின்ன கோயில், ஆடு மேய்க்கறவங்க கும்பிட்ட செயின்ட் வோல்ஃப்காங் சர்ச். வெளிய இருந்து பாத்தா கோட்டை, உள்ள போனா கோயில், கீழ இறங்கினா பீரங்கி வைக்கிற நிலவறை. எங்க பக்கம் தோடர் பழங்குடிங்க குடியிருக்குற மந்துல பால்மாடமே கோயிலா இருக்கறதப் பாத்து வளந்த எனக்கு, மந்தை மேய்க்கறவங்களுக்குன்னு தனியா ஒரு சாமி ஊர்வாசல்லயே இருந்தது ரொம்ப நெருக்கமாப் பட்டுச்சு.

சரி, காலை பத்து மணி ஆனா பஸ்ஸுங்க வர ஆரம்பிச்சிடும். அப்ப நீங்க என்ன பண்ணணும்னா, ஊர விட்டு வெளிய போயிடணும். மேக்குப் பக்கம் பூர்க் வாசல் வழியா கோட்டைத் தோட்டத்துக்குப் போங்க. போகும்போது வாசல் மேல ஒரு கல் முகம் வாயத் திறந்துக்கிட்டு இருக்கும், அந்த வாய் வழியா எதிரி மேல கொதிக்கிற தார ஊத்துவாங்களாம். பெரிய கதவுல ஒரு ஆள் மட்டும் குனிஞ்சு போற மாதிரி சின்னத் திட்டி வாசலும் இருக்கு, நம்ம கோயில் பெரிய கதவுல இருக்குமே அதே மாதிரி, ராத்திரி கதவு மூடினப்புறம் வர்றவங்க ஒவ்வொருத்தரா தான் உள்ள வர முடியும். 1142ல கட்டின அரண்மனை அந்தத் தோட்டத்துல தான் இருந்திருக்கு, 1356ல சுவிட்சர்லாந்து பாசல்ல வந்த நிலநடுக்கத்துல இடிஞ்சிருச்சு. பாசல்னு கேட்டதும் எனக்கு கேத்தி ஞாபகம் வந்துச்சு, 1840கள்ல கேத்திக்கு வந்தாங்களே பாசல் மிஷன்காரங்க, அதே பாசல். அந்தத் தோட்டத்துல இன்னொரு கல்லும் இருக்கு, 1298ல இந்த ஊர்ல யூதர்களக் கொன்னு குவிச்சதுக்கு நினைவுக்கல். அத நிறைய பேரு கவனிக்காம தாண்டிப் போறாங்க. தயவு செஞ்சு ஒரு நிமிஷம் நில்லுங்க, இந்த அழகான மதிலுக்கு உள்ள என்னென்ன நடந்ததுன்னு தெரிஞ்சிக்காம ஊரப் பாத்ததா சொல்ல முடியாது.

அங்க இருந்து திராட்சைத் தோட்டம் ஓரமா கீழ டௌபர் ஆத்துக்கு இறங்கற பாதை இருக்கு. ஆஹா, அந்த நடை! எனக்கு லேம்ப்ஸ் ராக் பக்கம் தேயிலைக்குள்ள இறங்கற ஒத்தையடிப் பாதை மாதிரியே இருந்துச்சு, ஆனா அட்டை கிடையாது, காட்டெருமை பயம் கிடையாது. கீழ டாப்ளர்னு ஒருத்தர் கட்டின குட்டிக் கோட்டை வீடு ஒண்ணு நிக்குது, 1388ல கட்டினது, கீழ கல்லு கோபுரம், மேல அகலமா ஒரு வீட்டத் தூக்கி வச்ச மாதிரி. ஊருக்கு மேயரா செல்வாக்கா இருந்த மனுஷன், கடைசில ஊர்க்காரங்களே பிடிச்சு நகர மண்டபத்துக்குக் கீழ இருக்குற சிறைல போட்டு 1408ல அங்கயே செத்துப் போனாரு. ஆத்தோரமாவே நடந்தா ரெட்டை அடுக்கு வளைவுல ஒரு கல்பாலம், அதுல நின்னு நிமிந்து பாத்தா மேல மதிலும் கோபுரமும் கூரையுமா ஊரு முழுக்க மலை உச்சில தெரியுது. நம்ம பக்காசுரன் மலை மேல இருக்குற கோட்டை இடிஞ்ச சுவத்தோட நின்னு போச்சு, கீழ இருந்து பாத்தா காடு தான் தெரியும். இது முழுசா இருந்திருந்தா எப்டி தெரிஞ்சிருக்கும்னு நான் நெனச்சுப் பாத்தது அந்தப் பாலத்துல நின்னப்ப தான். திரும்ப ஏறறது செம ஏத்தம், மலைக்காரங்களுக்கு ஒண்ணும் இல்ல, மருமக தான் சென்னைப் பொண்ணு, "அத்தை, நீங்க எப்டி மூச்சு வாங்காம ஏறறீங்க"ன்னு கேட்டுக்கிட்டே வந்தா.

மத்தியானம் செயின்ட் ஜேக்கப் சர்ச்சுக்குள்ள போயிட்டோம், சின்னதா ஒரு கட்டணம் உண்டு. மாடிப்படி ஏறிப் போனா ரீமன்ஷ்னைடர்ங்கற சிற்பி செதுக்கின மர பீடம் இருக்கு, 1500 வாக்குல அஞ்சாறு வருஷம் செதுக்கினது, வண்ணம் எதுவும் பூசாம வெறும் லிண்டன் மரம். இயேசுவோட கடைசி விருந்து காட்சி தான், ஆனா நடு நாயகமா நிக்கறது அவரக் காட்டிக் கொடுத்த யூதாஸ். பின்னாடி சின்னச் சின்ன கண்ணாடி ஜன்னல் வச்சிருக்கறதால வெளிச்சம் மாற மாற அந்த முகங்களும் மாறுது. சுவாமிமலைல உலோகத்த வச்சு செய்யறவங்கள பாத்திருக்கேன், மரத்துல விரல் நரம்பு வரைக்கும் கொண்டு வந்தத இங்க தான் பாத்தேன். என் வீட்டுக்காரரு அங்க பெஞ்சுல உக்காந்தவரு அரை மணி நேரம் எந்திரிக்கவே இல்ல. பையன் நகர மண்டபத்துக் கோபுரத்துல 220 படி ஏறிட்டு வந்தான், கடைசி படிங்க ஏணி தான்னு சொன்னான், நாங்க போகல.

சாப்பாடு பத்தி கேப்பீங்க. ஸ்னோபால்னு உருண்டையா ஒரு பலகாரம் ஊர் முழுக்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கும், மாவ பட்டை பட்டையா வெட்டி உருட்டி எண்ணெய்ல பொரிச்சு சர்க்கரை தூவறது. முதல் தடவ பஸ்ல வந்தப்ப ஒரு கடையில சாக்லேட் முக்கினது வாங்கினோம், காஞ்சு போய் பல்லுல ஒட்டுச்சு. இந்தத் தடவ காலைல பேக்கரி திறந்த நேரத்துல சர்க்கரை மட்டும் தூவினது வாங்கி காபியோட சாப்பிட்டோம், மொறுமொறுன்னு உதிருது. ஊட்டி வர்க்கி மாதிரி தான், புதுசா இருக்கணும், கூட சூடா ஏதாவது இருக்கணும். பேக்கரின்னதும் ஒண்ணு ஞாபகம் வருது, குற்றவியல் மியூசியத்துக்கு வெளிய ஒரு கூண்டு வச்சிருக்காங்க, எடை குறைச்சு ரொட்டி வித்த பேக்கரிக்காரர அதுல உக்கார வச்சு தண்ணில முக்குவாங்களாம். சைவக்காரங்களுக்கு சீஸ் போட்ட ஸ்பெட்ஸ்லே (நூடுல்ஸ் மாதிரி ஒண்ணு), உருளைக்கிழங்கு சூப், காளான் சாப்பாடு எல்லாம் கிடைக்கும், காரம் மட்டும் நீங்க கொண்டு போகணும். ராத்திரி ஒன்பது மணிக்கு சமையலறைய மூடிடறாங்க, ஞாயித்துக்கிழமை சூப்பர் மார்க்கெட்டே கிடையாது, பாத்துக்கோங்க. பொதுக் கழிப்பறைக்கு சில்லறை வேணும், மதில் மேல ஒண்ணு கூட கிடையாது, ஏறறதுக்கு முன்னாடியே போயிட்டு வந்துடுங்க.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஊரு மாறுது. பஸ்ஸுங்க எல்லாம் போயிருச்சு. இதுல அவங்க பண்ணியிருக்குற ஒரு நல்ல காரியம், பெரிய பார்க்கிங் எல்லாமே மதிலுக்கு வெளிய தான், வர்றவங்க வண்டிய அங்க விட்டுட்டு நடந்து தான் உள்ள வரணும். நம்ம ஊர்ல 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ், இப்ப சீசன்ல ஒரு நாளைக்கு 6000 வண்டி, சனி ஞாயிறுன்னா 8000 வண்டின்னு கணக்கு வச்சும் சேரிங் கிராஸ்ல நடக்க இடம் இல்ல. வண்டிய ஊருக்கு வெளிய நிறுத்தறதுன்னு ஒண்ண பண்ணிட்டா ஊரு எவ்ளோ அமைதியாகும்னு நம்ம அதிகாரிங்க ஒரு தடவ இங்க வந்து நின்னு பாக்கணும்னு மனசாரத் தோணுச்சு.

எட்டு மணிக்கு மார்க்கெட் சதுக்கத்துல அந்தக் காலத்து ராக்காவல்காரர் வேஷத்துல ஒரு கைடு வருவாரு. இது தான் இந்த ஊர்ல காசு குடுத்துப் பாக்க வேண்டிய முதல் விஷயம், முன்பதிவு கிடையாது, நடந்து முடிச்சப்புறம் கையில பணமா குடுக்கணும். கறுப்பு அங்கி, கைல நீளமா கோடாலி வச்ச ஈட்டி, லாந்தர் விளக்கு, இடுப்புல கொம்பு. எட்டு மணிக்கு இங்கிலீஷ்ல, ஒன்பதரைக்கு ஜெர்மன்ல. நிறுத்தி நிதானமா பேசறாரு, எங்களுக்கே முழுசா புரிஞ்சது. ராக்காவல் வேலைய அந்தக் காலத்துல யாரும் மதிக்க மாட்டாங்களாம், அதுக்குக் கீழ இருந்தது வெட்டியானும் தூக்கு போடறவரும் தான். கொள்ளை நோய் வந்தப்ப தெரு எப்டி இருந்துச்சு, கதவு மூடினப்புறம் வந்தா என்ன ஆகும், முற்றுகைக்குப் பயந்து எவ்ளோ தானியம் சேத்து வச்சாங்கன்னு ஒவ்வொரு முக்குலயும் நிறுத்திச் சொல்றாரு. மெக்லாய் கதையும் அவர் வாயால கேக்கறப்ப தான் முழுசா இறங்குச்சு. 1631ல ஊரப் பிடிச்ச தளபதி டில்லி, மூணே கால் லிட்டர் வைன ஒரே மூச்சுல குடிச்சா ஊர எரிக்காம விடறேன்னு சொல்ல, பழைய மேயர் நூஷ் குடிச்சுக் காட்டினாருன்னு ஒரு கத இருக்கு, கடிகாரத்துல பொம்மை வந்து குடிக்கறது அது தான். அதையும் வெறும் கதை தான்னு அவரே நேரா சொல்லிட்டாரு, அது எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரு மணி நேரம் நிக்கணும் நடக்கணும், உக்கார இடம் இல்ல, ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் எடுத்துட்டுப் போங்க.

அது முடிஞ்சு எல்லாரும் கலைஞ்சப்புறம் நாங்க நாலு பேரும் ரூமுக்குப் போகாம திரும்பவும் நடந்தோம். பகல்ல நூறு பேரு போட்டோக்கு நின்ன ப்ளோன்லைன்ல ஒரு ஆள் இல்ல. தெரு ரெண்டா பிரியுது, ஒண்ணு மேல ஏறி ஒரு கோபுரத்துக்குப் போகுது, ஒண்ணு கீழ இறங்கி இன்னொரு கோபுரத்துக்குப் போகுது, நடுவுல அந்த சாஞ்ச வீடு, ஒரு ஜன்னல்ல மட்டும் விளக்கு. எங்க செருப்பு சத்தம் தான் கேட்டுச்சு. "ஏங்க, போன தடவ நாம இங்கயா வந்தோம்"னு கேட்டேன். அவரு பதில் சொல்லல, அந்த விளக்கையே பாத்துக்கிட்டு நின்னாரு.

மறுநாள் கிளம்பறதுக்கு முன்னாடி தெற்குக் கோடில ஸ்பிட்டல் வாசலப் பாத்துட்டு, எட்டு மாதிரி வளைஞ்சிருக்குற அந்தக் கொத்தளத்துக்குள்ள பழைய பீரங்கியெல்லாம் பாத்துட்டு, வெளிய அகழி ஓரமாவே சுத்தி ஸ்டேஷனுக்கு வந்தோம். உள்ள இருந்து பாத்த மதில வெளிய இருந்து கீழ நின்னு பாக்கறது வேற மாதிரி, அதுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. ஷூ நல்ல பிடிமானம் இருக்கறதா போடுங்க, மழை பெஞ்சா அந்தக் கல்லுங்க வழுக்கும்.

மார்க்கெட்ல கேட்ட அக்காவுக்கு ஒண்ணு மட்டும் மாத்திச் சொன்னேன். மே மாசம் அங்க ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், எட்டு மணி நடைல இருட்டே வராது, அதனால இங்கிலீஷ் நடைய முடிச்சிட்டு ரூமுக்குப் போயிடாம பத்து மணிக்கு மேல தனியா ஒரு சுத்து வந்துடுங்கன்னு. ரெண்டு ராத்திரிக்கு ரூம் போட்டுட்டாங்க, முதல் மாடியில கேட்டு வாங்கிட்டாங்களாம்.